அளவையின் அளவை

காது மந்தமானவர் அணியும் கருவி ஒழுங்காக இயங்குகிறதா என்பதை அறிய வேண்டியபோது, செவியியல் நிபுணர் அதைத் தம் காதருகே வைத்துக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார். பெட்டியின் உட்சுவர்கள் எதிரொலியை விழுங்கும் நுரைப்பொருளால் போர்த்தப்பட்டிருக்கும். உள்ளே ஓர் ஒலிபெருக்கி இருக்கும். கருவியின் ஒலி வெளிவரும் வாய், 2 கன சென்டிமீட்டர் காற்றுக்கு மட்டும் இடமுள்ள உலோகக் குழி ஒன்றோடு இணைக்கப்பட்டு, அக்குழியின் அடியில் ஒரு மைக்ரோபோன் அமைந்திருக்கும். பித்தானை அமுக்கியதும் 200 ஹெர்ட்ஸிலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை ஒலி படிப்படியாக ஏறிச் செல்ல, உள்ளே புகுந்தது எவ்வளவு, பெருகி வெளிப்பட்டது எவ்வளவு என்பதை ஒரு வளைகோடு திரையில் வரைந்து காட்டும். அக்கோட்டை, கருவியைச் செய்தவர்கள் அச்சிட்டுக் கொடுத்த கோட்டோடு ஒப்பிட்டு, "மெஷினில் ஒரு கோளாறும் இல்லை" என்று நிபுணர் தீர்ப்புச் சொல்கிறார். எதிரே அமர்ந்திருப்பவரோ, செவியியல் கூடங்களில் ஓயாமல் ஒலிக்கும் அந்த ஒரே வாசகத்தைச் சொல்கிறார்: "சத்தம் கேட்கிறது ஐயா, பேச்சுத்தான் விளங்கவில்லை."

யந்திரத்தின் சாட்சியம் ஒன்று, மனிதனின் சாட்சியம் ஒன்று என இரண்டு நம்முன் நிற்கின்றன. இவற்றுள் எது பிரமாணம்? நவீனர்களாகிய நாம் சற்றும் தயங்காமல் யந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். யந்திரத்திற்கு விருப்பு வெறுப்பு இல்லை, மூப்பு இல்லை, மறதி இல்லை என்பது நம் நம்பிக்கை. இந்த நம்பிக்கை எங்கே போய் நிலைகொள்கிறது என்று அடி வரை தோண்டிப் பார்த்தவர்கள் சிலரே. ஆனால் தோண்டிப் பார்க்கும் அந்தத் தொழிலையே முதல் தொழிலாகக் கொண்டவர்கள் நம் தேசத்துத் தார்க்கிகர்கள். எதை அறிந்தோம் என்று சொல்லுமுன் எதனால் அறிந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகிய மணிமேகலை முதலில் செவி சாய்த்தது அளவைவாதிக்கே. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தில் பதியையும் பசுவையும் பாசத்தையும் பற்றிப் பேசுமுன் அளவைகளை எண்ணி வரையறுத்த பிறகே மேலே செல்கிறார்.

அளவைகளைக் கொண்டு பொருள்களை நிச்சயிக்கிறோம் என்றால், அந்த அளவைகளை நிச்சயிப்பது எது என்று நாகார்ஜுனர் தமது விக்ரஹவ்யாவர்த்தனியில் கேட்டார். வேறோர் அளவை என்றால் அதற்கும் வேறொன்று வேண்டும், அதற்கும் மற்றொன்று வேண்டும். இந்தச் சங்கிலிக்கு முடிவே இராது. நெருப்புத் தன்னையும் பிறவற்றையும் ஒருங்கே விளக்குவது போல அளவை தன்னைத் தானே நிலைநாட்டிக்கொள்ளும் என்றால், நெருப்பு ஒருபோதும் இருளில் மறைந்து கிடந்ததில்லையே, அது தன்னை விளக்கிக்கொண்டது என்று எவ்வாறு சொல்வது என்று அவர் மடக்கினார். நியாய சூத்திரத்திலோ இதற்கு ஒரு வியாபாரியின் விடை இருக்கிறது. துலாக்கோலால் பொன்னை நிறுக்கிறோம். அத்துலாக்கோலின் மேலேயே சந்தேகம் எழும்போது, எடை தெரிந்த பொன்னை அதில் இட்டு அதையே பரீட்சிக்கிறோம். ஆகவே ஒரே பொருள் ஒரு சமயம் அளக்கும் சாதனமாகவும், மற்றொரு சமயம் அளக்கப்படும் பொருளாகவும் நிற்கத் தடையில்லை என்பது அதன் கருத்து. நாகார்ஜுனர், சூத்திரகாரர் இவ்விருவரில் யார் யாருக்கு விடையிறுத்தார் என்ற சரித்திர வழக்கில் நாம் புக வேண்டியதில்லை. வாதம் இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதும், அது இன்று செவியியல் கூடத்தின் மேஜை மேல் ஒரு பெட்டி வடிவில் வீற்றிருக்கிறது என்பதுமே நமக்கு வேண்டுவன.

பெட்டியின் தீர்ப்பு எத்தகையது என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் 1976-இல் வகுக்கப்பட்ட தரவிதி ஒன்றை மறு ஆண்டே அந்நாட்டு அரசாங்கம் கட்டாயமாக்கிற்று. அவ்விதி சில திருத்தங்களோடு இன்றளவும் பரீட்சையின் இலக்கணமாக விளங்குகிறது. 90 டெசிபெல் வலிமையுள்ள ஒலியைச் செலுத்தி, கருவி தன் முழு ஆற்றலோடும் கத்தும்போது எவ்வளவு உயரே செல்கிறது என்று பார்ப்பது ஒரு பரீட்சை. எஞ்சியிருக்கும் கேட்கும் திறனைக் கருவியே கெடுத்துவிடாமல் காப்பது இதன் நோக்கமாதலால், இதையே நான் யாவற்றிலும் தலையாயதாகக் கருதுவேன். மெல்லிய ஒலியை அது எத்தனை டெசிபெல் பெருக்குகிறது, பெருக்கும்போது இல்லாத ஸ்வரங்களைத் தானாகச் சேர்த்து ஒலியைத் திரிக்கிறதா, எந்த ஒலியும் புகாதபோதே தனக்குள் எவ்வளவு இரைகிறது, பாட்டரியை எவ்வளவு குடிக்கிறது என்பன ஏனைய பரீட்சைகள். 1000, 1600, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களின் சராசரி ஒப்பீட்டுக்குரிய எண்ணாகக் கொள்ளப்படுகிறது.

இந்த விதி, ஒரு கருவி எவ்வளவு நல்லதாயிருக்க வேண்டும் என்று எங்குமே சொல்வதில்லை. செய்தவர் தம் ஏட்டில் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அது உண்மையாயிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. உச்ச வெளியீடு எழுதிய எண்ணுக்கு மேல் 3 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. மூவிடச் சராசரி 4 டெசிபெல்லுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. ஆகவே பெட்டியில் தேறிய கருவி தன்னைச் செய்தவரின் வாக்கைக் காப்பாற்றியது என்று சொல்லலாமேயொழிய, எதிரே அமர்ந்திருப்பவருக்கு ஏற்றது என்று சொல்வதற்கு இடமில்லை. யந்திரம் மனித வாக்கைக் கடந்து நின்று தீர்ப்பளிக்கிறது என்று நாம் எண்ணியிருக்க, அது ஒரு மனிதரின் வாக்கை உரைத்துப் பார்க்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

அது கிடக்க, பெட்டியினுள் இருக்கும் மைக்ரோபோன் மெய்யே பேசுகிறது என்பதற்கு யார் பிணை? அதை நிச்சயிக்க ஒரு சிறு உருளை உண்டு. 1000 ஹெர்ட்ஸில், 94 டெசிபெல்லில், அதாவது ஏறக்குறைய 1 பாஸ்கல் அழுத்தத்தில் அது ஒலிக்கும். மைக்ரோபோனை அதில் செருகி, திரையில் 94 தெரிகிறதா என்று பார்ப்பார்கள். உருளைக்கு யார் பிணை என்றால், அதைவிட உயர்ந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கும் மைக்ரோபோன். இப்படியே படியேறிச் சென்றால், ஒவ்வொரு தேசத்திலும் அளவைகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட மூலஸ்தானத்தை, நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைப் போன்றதை, அடைவோம். அதற்கு மேல் படியில்லை. அங்கே நிற்கும் மைக்ரோபோனை எதைக் கொண்டு அளப்பது? நாகார்ஜுனர் கைகட்டிப் புன்னகை புரியும் இடம் இதுவேயாகும்.

பௌதிக அறிஞர்கள் இவ்விடத்தில் கையாளும் உபாயம், தர்க்கம் பயின்ற எவருக்கும் வியப்பளிக்கும். மூன்று மைக்ரோபோன்களை எடுத்துக்கொள்கிறார்கள். அவற்றுள் ஒன்றின் திறமும் முன்னதாகத் தெரியாது. இவ்வகை மைக்ரோபோன் ஒலியைக் கேட்டு மின்சாரமாக்குவது போலவே, மின்சாரத்தைப் பெற்று ஒலியாக்கவும் வல்லது. எனவே இரண்டை எதிரெதிரே வைத்து ஒன்றைப் பேசச் செய்து மற்றொன்றைக் கேட்கச் செய்கிறார்கள், பின்பு இணையை மாற்றி அவ்வாறே செய்கிறார்கள், மறுபடியும் மாற்றுகிறார்கள். மூன்று இணைகள் மூன்று சமன்பாடுகளைத் தர, தெரியாத மூன்றும் வெளிப்பட்டுவிடுகின்றன. ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை அந்யோந்யாச்ரயம் என்று நம் தார்க்கிகர்கள் தோஷங்களின் வரிசையில் வைத்தார்கள். அந்தத் தோஷமே இங்கே சாதனமாகிவிட்டது. ஆயினும் அது வெறும் பரஸ்பரப் புகழ்ச்சியன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள காற்றறையின் கன அளவு, அந்நாளைய காற்றழுத்தம், மின் அளவுகள் ஆகியவை கணக்கில் புகுந்தால்தான் விடை கிடைக்கும். ஒலியைப் பற்றிய சாட்சியம், ஒலியல்லாத சாட்சிகளிடம் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறது. துலாக்கோலுக்கும் பொன்னுக்கும் நையாயிகர் கண்ட உறவு இதைக் காட்டிலும் வேறானதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவும் காற்றின் அழுத்தத்தைப் பற்றிய பேச்சு. கேட்டலைப் பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவேயில்லை. பாஸ்கல் என்பது காற்றுக்கு உரியது. ஒருவர் செவிடர், ஒருவர் செவிடரல்லர் என்று பிரிக்கும் கோடு அதில் எங்கும் வரையப்பட்டிருக்கவில்லை. அதை வரைய ஒரு பூஜ்யம் வேண்டும். ஆடியோகிராம் என்னும் தாளின் உச்சியில் நிற்கும் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? காதில் நோயில்லாத இளைஞர்கள் பலரை நிசப்தமான அறையில் அமர்த்தி, ஒலியைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்து, கேட்டபோதெல்லாம் விரலை உயர்த்தவோ பித்தானை அமுக்கவோ சொல்லி, அவர்கள் அரிதாகக் கேட்ட எல்லைகளின் நடுவெண்ணை எடுத்து, அதற்குப் பூஜ்யம் என்று பெயரிட்டார்கள். யந்திரங்களின் சங்கிலி முழுவதும் ஏறி இறங்கி வந்து, கடைசியில் ஓர் இளைஞன் விரலை உயர்த்தி "ஆம், கேட்டது" என்று தெரிவித்த அந்தச் செய்கையின் மேல் அமர்கிறது. அவனுக்குக் கேட்டது என்பதற்கு அவன் விரலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்தப் பூஜ்யமும் அசையாத மேருவாக இருந்ததில்லை. அமெரிக்கர்கள் 1935, 1936 ஆண்டுகளில் நடத்திய பெருங்கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டு 1951-இல் ஒரு பூஜ்யத்தை நாட்டினார்கள். மறு ஆண்டில் பிரிட்டனில் டாட்ஸன், கிங் என்னும் இருவர் வெளியிட்ட அளவுகளோ, ஆரோக்கியமான இளஞ்செவி அதைவிட ஏறக்குறைய 10 டெசிபெல் மெல்லிய ஒலியையும் கேட்க வல்லது என்று காட்டின. கடலின் இரு கரைகளிலும் வாழும் மாந்தர்க்குக் காதுகள் வேறு வேறாகப் படைக்கப்பட்டிருக்கவில்லை. எவரைத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தகைய அறையில் இருத்தினார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பவை வேறாயிருந்தன. பல தேசத்து அளவுகளையும் திரட்டி 1964-இல் சர்வதேசப் பூஜ்யம் நிறுவப்பட்டது. அதன் விளைவாகப் பழைய அளவுகோலில் 30 டெசிபெல் குறைவு என்று எழுதப்பட்டவர், காதில் ஒரு மாற்றமும் நேராமலே, புதிய தாளில் 40 டெசிபெல் குறைவுள்ளவராய் விட்டார்.

பத்து டெசிபெல்தானே என்று இதை அலட்சியம் செய்ய முடியாது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், இரு செவிகளிலும் பேச்சுக்குரிய அதிர்வெண்களில் 70 டெசிபெல் இழந்தவரைச் செவிடர் என்றும், 60 முதல் 70 வரை இழந்தவரைக் கேள்வி குன்றியவர் என்றும் வரையறுக்கிறது. ஒருவருக்குக் கிடைக்கும் சலுகையும் வேலையும் அந்தப் பத்து டெசிபெல் இடைவெளிக்குள் அடங்கியிருக்கின்றன. இதை எழுதும்போது மனுஸ்மிருதி நினைவுக்கு வராமற் போகாது. பிறவிக் குருடருக்கும் செவிடருக்கும் பிதுரார்ஜிதத்தில் பங்கில்லை என்று அது விதித்திருந்தது. அத்தடைகளை நீக்க 1928-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பழைய தர்மசாஸ்திரத்தில் செவிடு என்பதற்கு எண் இல்லை, ஊராரின் வாக்கே போதும். புதிய சட்டத்தில் எண் இருக்கிறது. நீதி எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணின் அடியில் பெயர் தெரியாத சில இளைஞர்களின் வாக்கு இருக்கிறது என்பதை நீதிபதிகள் அறிவார்களோ என்னவோ.

இனி அந்த உலோகக் குழியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1942-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரோமனோ என்பவர் அதை விவரித்து எழுதினார். கருவியை அடைத்துச் செருகிய பின் மனிதச் செவியில் எஞ்சும் காற்று 2 கன சென்டிமீட்டருக்கும் குறைவு; செவிப்பறையோ உலோகத்தைப் போல் விறைத்து நிற்பதன்று. ஆகவே குழியில் அளந்ததற்கும் காதில் நிகழ்வதற்கும் வேற்றுமை உண்டு. சுருதி உயர உயர அவ்வேற்றுமையும் வளரும். இதை அறிந்தே உலகம் இந்தக் குழியை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகிறது. ஏனெனில் சென்னையில் அளந்ததையும் கோபன்ஹேகனில் அளந்ததையும் ஒப்பிட ஒரு பொதுக்காது வேண்டும், அது எவருடைய காதாகவும் இராமற்போனாலும் கேடில்லை. சங்கரர் வியாவகாரிக சத்தியம் என்று வகுத்தாரே, காரியம் நடப்பதற்குப் போதிய மெய்ம்மை, அதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் நான் கண்டதில்லை. பிற்காலத்தில் ஸ்விஸ்லாக்கி என்பவர் 1970-இல் மெய்ச்செவியை நெருங்கிய குழி ஒன்றைச் செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் தலையும் மார்பும் காதுமடலும் கொண்ட கெமர் என்னும் பொம்மை பிறந்தது. வயது வந்தோர் பலரின் சராசரி அளவுகளில் வார்க்கப்பட்ட அப்பொம்மையின் காது, மனிதக்காது என்னும் ஜாதிக்கு உரியது. எந்த வியக்திக்கும் உரியதன்று.

ஜாதிக்கும் வியக்திக்கும் உள்ள இடைவெளி ஏட்டுச் சர்ச்சையாக நின்றுவிட்டால் பாதகமில்லை. தொட்டில் குழந்தையின் விஷயத்தில் அது அபாயமாகிறது. சிசுவின் செவிக்குழல் மிகச் சிறியது; சிறிய இடத்தில் அடைபட்ட ஒலியின் அழுத்தம் பெரிது. 2 கன சென்டிமீட்டர் குழியில் பதிவான அளவைக் காட்டிலும், உயர்ந்த சுருதிகளில் சிசுவின் காதில் 20 டெசிபெல் அளவுக்குக்கூட மிகும். அழுத்தக் கணக்கில் இது பத்து மடங்கு. பெட்டியைக் கண்மூடி நம்பி, பெரியவருக்குப் பொருத்துவது போலக் குழந்தைக்குப் பொருத்தினால், உதவ வந்த கருவி ஊறு செய்யும். குழந்தையோ வாய் திறந்து சொல்லாது. இதற்காகவே 1980-களில், மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை செலுத்தி, அணிந்தவரின் காதுக்குள்ளேயே ஒலியை அளக்கும் முறை பரவிற்று. பொதுக்காதைவிட்டு இந்த மனிதரின் காதுக்கு, இந்தக் குழந்தையின் காதுக்கு, அளவை இறங்கி வந்தது. குழாயைச் செலுத்திப் பார்க்க நேரமில்லை என்று கூறி, கணினி காட்டும் உத்தேசக் கோட்டோடு அனுப்பிவிடும் கடைகள் இன்றும் பெருகியே இருக்கின்றன என்பது வேறு கதை.

பரீட்சையில் செலுத்தும் ஒலியின் கதை இதனினும் விசித்திரமானது. முற்காலத்தில் தூய ஒற்றை ஸ்வரத்தையே செலுத்தினார்கள். இக்காலக் கருவிகளுக்குள் சிறு கணினி இருக்கிறது. மாறாமல் நீடிக்கும் ஒலியைக் கேட்டால், இது மின்விசிறியின் இரைச்சல் அல்லது கருவியின் சொந்தக் கீச்சொலி என்று தீர்மானித்து அது அதை அடக்கிவிடும். அளக்க வந்த ஒலியையே பகையென்று எண்ணி ஒடுக்கும் கருவியை எப்படி அளப்பது? அதன் அறிவையெல்லாம் அணைத்துவிட்டு அளக்கலாம். ஆனால் அப்போது அளக்கப்படுவது மனிதர் அணியும் கருவியன்று. ஆகவே பேச்சையே செலுத்த வேண்டியதாயிற்று. யாருடைய பேச்சை, எந்த மொழியில்? அமெரிக்க ஆங்கிலம், அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளைச் சேர்ந்த 21 பெண்களைக் கொண்டு, வாடைக்காற்றும் சூரியனும் தம்முள் வலியவர் யார் என்று வாதிட்ட ஈசாப்பின் கதையை வாசிக்கச் செய்தார்கள். அதைச் சிறு சிறு துணுக்குகளாக நறுக்கினார்கள். ஒரு மொழியின் துணுக்கை மற்றொரு மொழியின் துணுக்கோடு கலந்து தைத்தார்கள். கேட்டால் ஒரு பெண் பேசுவது போலவே இருக்கும். ஏற்றம், இறக்கம், மூச்சின் இடைவெளி எல்லாம் உண்டு. அர்த்தம் மட்டும் இல்லை. உலகமெங்கும் கருவிகள் இன்று இந்த அர்த்தமற்ற பேச்சினால் பரீட்சிக்கப்படுகின்றன.

பர்த்ருஹரி உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. வாக்கியம் என்பது துணுக்குகளைக் கோத்த மாலையன்று, பிரிக்கவொண்ணாத ஒரே பொருள், அது கேட்பவனின் உள்ளத்தில் ஒருமிக்க மலர்கிறது என்பது வாக்கியபதீயத்தின் சித்தாந்தம். அந்த மலர்ச்சியை அடியோடு நீக்கிவிட்டு எஞ்சிய ஓசையை மட்டும் எடுத்துக்கொண்ட பரீட்சையாளர்கள் அவரை மறுத்ததாக நான் கருதவில்லை. எந்த எல்லையோடு தம் அதிகாரம் முடிகிறது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். ஓசை வரை கருவியின் பொறுப்பு. அதற்கப்பால் நிகழ்வதைப் பெட்டி அளப்பதாகச் சொல்லவில்லை, அளப்பதாகச் சொன்னவர்கள் விற்பனையாளர்களே.

"பேச்சுத்தான் விளங்கவில்லை" என்றவரின் குறை எங்கே இருக்கிறது என்பது இப்போது சிறிது துலங்கலாம். நத்தை வடிவமான உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள்வரிசை மயிரணுக்களும் 12,000 வெளிவரிசை மயிரணுக்களும் உள்ளன; வெளிவரிசை அணுக்கள் மெல்லொலியைப் பெருக்குவதோடு அருகருகே உள்ள சுருதிகளைப் பிரித்துக் காட்டும் வேலையையும் செய்கின்றன. அவை அழிந்தபின் ஒலியை எவ்வளவு உரக்கக் கொடுத்தாலும், உரப்புத்தான் ஏறும். பிரித்துணரும் கூர்மை திரும்பாது. அதற்கும் உள்ளே மனம் இருக்கிறது. மனம் வேறிடத்தில் இருந்ததால் கேட்கவில்லை என்று மனிதர் சொல்லும் சாதாரணப் பேச்சையே சான்றாகக் கொண்டு, கேட்பது மனத்தாலேயே என்று பிருஹதாரண்யக உபநிஷத்து நிறுவுகிறது. சமணர்கள் பௌதிகமான இந்திரியம் வேறு, அறியும் ஆற்றலாகிய இந்திரியம் வேறு என்று இரண்டாகப் பகுத்தார்கள். நம் சித்தியாரோ காட்சியையே இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்று நால்வகையாக்குகிறார். பெட்டியின் கோடு இந்திரியக் காட்சியின் வாசல் வரை வருகிறது; விளங்கவில்லை என்பது மானதம்; காதில் அறைகிறது, கரகரக்கிறது என்பது தன்வேதனை. மூன்றும் மூன்று விஷயங்களைப் பற்றியவையாதலால், ஒன்று மெய்யென்றதும் மற்றவை பொய்யாகிவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

இவ்வளவு சொன்னதனால், அணிந்தவரின் வாக்கே வேதவாக்கு என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். ஈரத்தால் கருவி நாள்தோறும் சிறிது சிறிதாக வலிவிழந்து வந்தால், அணிந்தவர் அதை உணராமலே பழகிப்போவார். பெட்டி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். முற்றிலும் ஒன்றேயான இரு கருவிகளைக் கொடுத்து, இது புதிய வகை என்று ஒன்றைப் பற்றி மட்டும் சொன்னால், அதுவே மேலானது என்று அணிந்தோர் கூறுவதைப் பரீட்சைகள் மெய்ப்பித்திருக்கின்றன. நெடுங்காலம் உயர்ந்த சுருதிகளைக் கேளாதிருந்தவருக்கு, அவற்றை முதன்முறை கேட்கும்போது பாத்திரத்தின் ஓசை வெறுப்பாக இருக்கும், குறைத்துவிடும்படி கெஞ்சுவார், குறைத்துவிட்டாலோ பேச்சின் மெய்யெழுத்துக்களை இழப்பார். மனித வாக்கும் துலாக்கோலே; அதையும் இட்டுப் பார்க்கும் பொன் வேண்டும். யந்திரம் மனிதனின் மேல் நிற்கிறது, மனிதன் யந்திரத்தினால் திருத்தப்படுகிறான்; மூன்று மைக்ரோபோன்களும் செய்ததும் இதுதான். சந்தேகத்துக்கு எல்லையில்லையோ என்று அஞ்சுபவருக்கு நையாயிகராகிய உதயணர் ஒரு வரம்பு காட்டினார்: சந்தேகிப்பவனின் சொந்தச் செய்கையோடு சந்தேகம் முரண்படும் இடத்தில் அது நின்றுவிடும். ஒலியைப் பற்றி எதுவுமே நிச்சயமில்லை என்று வாதிடுபவரும், தம் வாதம் பிறர் செவியில் விழ வேண்டுமென்றே குரலை உயர்த்துகிறார்.

எந்த யந்திரமும் துணைக்கு வராத ஓரிடம் உண்டு. கேள்வி குன்றியவர் பலருக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் ஒன்று எழும். வெளியே எந்த மைக்ரோபோனும் அதைப் பிடிக்காது. அது நிகழ்வதற்கு அதை அனுபவிப்பவர் ஒருவரே சாட்சி. நிபுணர் செய்யக்கூடியது, வெவ்வேறு ஸ்வரங்களை ஒலிக்கச் செய்து, "இதைப் போன்றதா? இன்னும் மேலா? இவ்வளவு உரக்கவா?" என்று கேட்பதுதான். அவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, உறக்கத்தைக் கெடுத்து உயிரை வாங்குவதாக நோயாளி சொல்லும் அந்த ஒலி, அவரது கேட்கும் எல்லைக்கு மேல் 10 டெசிபெல்லுக்கும் குறைந்ததாகவே பெரும்பாலும் முடிகிறது.  இவ்வளவு அற்பமானதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று உறவினர்கள் கேட்பார்கள். நல்ல நிபுணர்கள் அப்படிக் கேட்பதில்லை. டெசிபெல் எண்ணை ஒரு வரியிலும், நோயாளி தம் துன்பத்துக்குத் தாமே இட்ட மதிப்பை அதற்கென அமைந்த வினாத்தாளிலிருந்து எடுத்து அடுத்த வரியிலும் எழுதிக்கொண்டு, சிகிச்சையை இரண்டாவது வரியைப் பார்த்தே தொடங்குகிறார்கள். சில மாதங்கள் கழித்து அவர் மறுபடி வரும்போது, முதல் வரி மாறாதிருக்க இரண்டாவது வரி பாதியாகக் குறைந்திருப்பதும் உண்டு.